பள்ளி முற்றத்துப் பகல் நிலா

தலைநகரத்து ஆகாயத்தில் நட்சத்திரங்களைத் தேடுகிற குழந்தைக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. தெருவிளக்குகளின் பிரகாசமும், ஐப்பசி தொடங்கித் தை வரையில் நகரத்தின்மீது கவிந்துகிடக்கும் புகைமண்டலமும் சேர்ந்து, கிராமத்து வாசலில் பாய் விரித்துப் படுத்த பாட்டன் பாட்டிமார்களுக்கு விலையின்றிக் கிடைத்த ஆகாய கங்கையைப் பேரப்பிள்ளைகளின் கண்ணிலிருந்து அடியோடு மறைத்துவிட்டன. எஞ்சி நிற்பது சந்திரன். ஆகவே நகரத்துப் பிள்ளைகளுக்கு வானசாஸ்திரத்தின் முதற்பாடத்தைச் சொல்ல விரும்புகிற ஆசிரியர் சந்திரனை எடுத்துக்கொள்வது சௌகரியம் பற்றி மட்டும் அன்று. தொலைநோக்கி இல்லாமல், கட்டணம் இல்லாமல், நாள்தோறும் மாறுகிற தன் உருவத்தைத் தானே காட்டி, ஏன் மாறுகிறது என்ற கேள்வியையும் தானே எழுப்புகிற வேறு வானப்பொருள் அவருக்கு அகப்படாது.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது என் மனத்தில் மாணாக்கர்களாக அமர்ந்திருப்பவர்கள் மதராசி கேம்ப்பின் பிள்ளைகள். தென்கிழக்குத் தில்லியில், ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில் அந்தக் குடியிருப்பு இருந்தது. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகளில் பலர், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்றான லோதி எஸ்டேட் பள்ளிக்குச் சென்று தமிழ் படித்துவந்தார்கள். தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2025 ஜூன் 1ஆம் தேதி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முடிவாயிற்று. அந்த வீடுகளும் நகரத்தின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில் இருந்தன. நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளி, ஒரே நாளில் பல மணி நேரப் பிரயாணமாக மாறிவிட்டது. அவர்கள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் இனிப் படித்தாலும், இங்கே சொல்லப்போகிற பாடங்களை அவர்களுடன் செய்து பார்க்க இயலும் என்பதனால்தான் சந்திரனைப் பற்றிய அத்தியாயத்தை அவர்களை முன்னிட்டு எழுதுகிறேன்.

பாடம் தொடங்க வேண்டிய இடம் பாடப்புத்தகத்திலுள்ள படம் அன்று; பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. ஏழை வீடாயினும் தமிழர் வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதில் அமாவாசையும் பௌர்ணமியும், திதியும் நட்சத்திரமும் அச்சிட்டிருக்கும். மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்தியன்று விரதமிருக்கிற தாய், பௌர்ணமி கழிந்த நாலாம் நாள் இரவு சந்திரன் எழும்வரையில் உண்ணாமல் காத்திருப்பதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. பக்கத்துத் தெருவிலுள்ள வடநாட்டுப் பெண்கள், ஐப்பசியை ஒட்டி வருகிற கர்வா சௌத் அன்று சல்லடை ஏந்தி மாடியில் நின்று எதிர்பார்ப்பதும் அதே சதுர்த்திச் சந்திரனைத்தான். நிஜாமுதீன் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களிலோ, ரமலான் நோன்பு முடிகிற மாலையில், சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள் மேற்கே மெல்லிய கீற்றாகத் தோன்றி மறைகிற பிறையை ஜனங்கள் தேடுகிறார்கள். மூன்று விதமான பக்தி. எனினும் மூன்றும் ஒரே கோளின் ஒரே கணக்கைக் கண்ணால் சோதிப்பவை. இவற்றை வகுப்பில் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதிவிட்டால், பிறை ஏன் எப்போதும் மாலையில் மேற்கே தெரிகிறது, சதுர்த்திச் சந்திரன் ஏன் இரவு சென்று கிழக்கே எழுகிறது என்ற இரண்டு வினாக்களும் பிள்ளைகளின் சொந்த வினாக்களாகிவிடுகின்றன.

இதற்கு விடை காண அவர்கள் ஒரு மாத காலம் சந்திரக் குறிப்பேடு எழுத வேண்டும். மூன்றாம் பிறையன்று தொடங்கி, வளர்பிறையில் மாலையிலும் தேய்பிறையில் காலையிலுமாக, தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று, சந்திரன் எந்தக் கட்டடத்துக்கு மேலே நிற்கிறது, எவ்வளவு ஒளி பெற்றிருக்கிறது, ஒளி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வரைந்து, தேதியையும் காலண்டரில் கண்ட திதியையும் அருகில் எழுதவேண்டும். அளப்பதற்குக் கருவி அவரவர் கையே: கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். ஒரு வாரத்துக்குள்ளாகவே, சந்திரன் நாள்தோறும் ஒரு முஷ்டியும் சிறிதும் கிழக்கே நகர்கிறது என்பது அவர்களுக்குப் பிரத்யட்சமாகிவிடும். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலமே ஒரு திதி என்று அப்போது சொன்னால், அதுவரையில் பஞ்சாங்கக்காரருடைய இரகசியம் போலிருந்த சொல் தாங்களே முஷ்டியால் அளந்த அளவாக அவர்களுக்குப் புரியும். கிழக்கே நகர்ந்துபோன சந்திரனை மீண்டும் அடிவானத்துக்குக் கொண்டுவரப் பூமி சற்றுக் கூடுதலாகச் சுழலவேண்டியிருப்பதால், சந்திரோதயம் சராசரியாக நாளொன்றுக்கு 50 நிமிஷம் பிந்துகிறது. சராசரி என்ற சொல்லை ஆசிரியர் அழுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் தில்லியில் கர்வா சௌத் சந்திரன் எட்டு மணியளவிலேயே எழுந்துவிட, சித்திரையை ஒட்டிய சதுர்த்திச் சந்திரனுக்காக ஒன்பதரை, பத்து மணி வரையில் காத்திருக்க நேர்கிறது. பௌர்ணமியை அடுத்த நாட்களில் சந்திரன் செல்லும் பாதை சரத்காலத்தில் கிழக்கு அடிவானத்தோடு மிகவும் சாய்ந்தும், வசந்த காலத்தில் செங்குத்தாகவும் அமைவதே இதற்குக் காரணம். இந்த வித்தியாசத்தை விரதமிருக்கும் தாய்மார்கள் ஆசிரியருக்கு முன்பே அறிவார்கள்.

குறிப்பேடு நிறைவு பெறுவதற்குள், சந்திர பாடத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிற சோதனையைச் செய்துவிடலாம். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சந்திரன் நடுநிசியில் எழுந்து, காலையில் உச்சியைத் தாண்டி, நண்பகல் சுமாருக்கு மறைகிறது. ஆகையால் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நிற்கும் வேளையில், அது தென்மேற்கு வானத்தில் வெளிறிய அரைவட்டமாகத் தெளிவாகவே நிற்கும். பகலில் சந்திரன் தெரியும் என்பதையே ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர் முதல் நாள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைப் பந்தைக் கொடுத்து, வெயிலில் நின்றபடியே அதைச் சந்திரன் இருக்கும் திசையில், சந்திரனுக்கு அருகே தோன்றும்படி உயர்த்திப் பிடிக்கச் சொல்லவேண்டும். கிழக்கேயிருந்து வரும் வெயில் பந்தின் ஒரு பாதியை ஒளிரச் செய்கிறது, அந்தப் பாதியில் நமக்குத் தெரிகிற பங்கு எவ்வளவோ அவ்வளவே சந்திரனிலும் தெரிகிறது, சாய்வும் அதுவே. பந்தின்மீது பூமியின் நிழல் விழவில்லை என்பது கண்ணெதிரே தெரிவதால், சந்திரன் தேய்வது பூமியின் நிழலால் என்ற தவறான எண்ணம், வாதம் செய்யாமலே அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து அதே முற்றத்தில் அதே பந்தைப் பிடித்தால், சந்திரனும் பந்தும் ஒருங்கே மெலிந்திருக்கும்.

அந்த எண்ணம் எளிதில் சாகாதது என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1987இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு கல்விப் படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில், பட்டதாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் பருவங்களும் சந்திரனின் பிறைகளும் உண்டாகும் காரணத்தைக் கேட்டபோது, பெரும்பாலோர் தவறான விடையையே தன்னம்பிக்கையோடு சொன்னார்கள். சந்திரன் சூரிய ஒளியால் விளங்குகிறது என்பதையும், பூமியின் நிழல் கிரகணத்துக்கே காரணம் என்பதையும் ஆரியபடர் தம் நூலில் எழுதியது கி.பி. 499இல், பதினைந்து நூற்றாண்டுகள் கழித்தும் படித்தவர்கள் இடறுகிறார்கள் என்றால், குறை அவர்களுடைய புத்தியில் இல்லை, கற்பித்த முறையில் இருக்கிறது. புத்தகப் படம் சூரியனையும் பூமியையும் சந்திரனையும் வெளியே நின்று பார்க்கிறவனுடைய பார்வையில் வரையப்பட்டது. நாமோ பூமியின்மீது, படத்துக்கு உள்ளே நிற்கிறவர்கள். வெளிப்பார்வையை உட்பார்வையாக மாற்றும் வேலையை, எந்த உதவியும் இன்றிப் பத்து வயதுக் குழந்தையின் கற்பனையிடம் ஒப்படைத்துவிட்டு, அது தவறிப்போகும்போது குழந்தையைக் குறை சொல்வது நியாயமன்று.

ஆகவே முற்றத்துச் சோதனைக்குப் பிறகே இருட்டறைச் சோதனை வரவேண்டும். சன்னல்களைப் போர்வையால் மூடி, நடுவில் மறைப்பில்லாத பல்பு ஒன்றை ஏற்றி, அதைச் சூரியன் என்று கொள்ளலாம். பென்சில் நுனியில் குத்திய தெர்மோகோல் உருண்டை சந்திரன். பிள்ளையின் தலையே பூமி. பல்பை நோக்கி நின்று உருண்டையைக் கை நீட்டித் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் ஒளி பெற்ற பக்கம் நமக்குத் தெரியாது, அது அமாவாசை. அப்படியே இடப்புறமாக மெல்லத் திரும்பத் திரும்ப, வலது ஓரத்தில் கீற்று தோன்றி, அரைவட்டமாகி, பல்புக்கு முதுகு காட்டி நிற்கையில் பூரணமாகிவிடும். ஒவ்வொரு குழந்தையும் தன் உருண்டையைத் தானே பிடிக்கவேண்டும் என்பதில் ஆசிரியர் சிறிதும் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஆசிரியர் ஒருவரே முன்னால் நின்று உருண்டையைச் சுற்றிக் காட்டினால், இடது மூலையில் அமர்ந்தவனுக்கு ஒரு பிறையும் வலது மூலையில் அமர்ந்தவளுக்கு வேறொரு பிறையும் தெரியும். முன்னே நின்றவர் சொல்வது இருவருக்கும் பொய்யாகிவிடும். உருண்டையைத் தலை மட்டத்துக்குத் தாழ்த்திச் சுற்றினால், தலையின் நிழல் அதன்மீது விழுகிறது. அது சந்திர கிரகணம். தாழ்த்தாமல் இருந்தபோது ஏன் விழவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். சந்திரனின் பாதை, பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதாலேயே மாதந்தோறும் கிரகணம் நேர்வதில்லை என்ற விடைக்கு அதுவே தகுந்த சமயம்.

சாமான்கள் மலிவாக இருப்பது பற்றி எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல், கிஷோர் பாரதியும் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானத் திட்டம், சோதனையைக் குழந்தையின் கையில் கொடுத்து, விடையைக் குழந்தையே கண்டு எழுதும் முறையை அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே முப்பது ஆண்டுகள் நடத்திக்காட்டியது. தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் பலர் அந்தப் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 2002இல் அது நிறுத்தப்பட்டது இந்தியக் கல்விக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்றே நான் எண்ணுகிறேன்.

தூரத்தைப் பற்றிய பாடமும் இவ்விதமே கைகளால் நடக்கவேண்டியது. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்தைப் பூமியாகவும், மூன்றே கால் சென்டிமீட்டர் அளவுள்ள எலுமிச்சங்காயைச் சந்திரனாகவும் வைத்து, சந்திரனைச் சரியான தூரத்தில் வையுங்கள் என்று சொன்னால், பாடப்புத்தகப் படத்தை நம்பிய பிள்ளைகள் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம் தள்ளி வைப்பார்கள். பிறகு ஒரு நூலைப் பந்தின்மேல் ஒன்பதரைச் சுற்றுச் சுற்றி, அதைப் பிரித்து நீட்டச் சொல்லவேண்டும். அந்த நீளமே, அதாவது சுமார் 3.6 மீட்டரே, சந்திரனின் இடம். மெய்யான தூரம் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து ஏறக்குறைய மறுசுவர் வரையில் ஓடிவிட்ட நூலைப் பார்த்து அவர்கள் வியந்து நிற்கும்போது, இந்த அளவுத்திட்டத்தில் சூரியன் 13 மீட்டர் அகலமுள்ளதாய் 1.4 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கவேண்டும் என்று சொல்லலாம். ஜங்புராவிலிருந்து நிஜாமுதீன் பக்கம் நடந்து பழகிய பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் வெறும் எண்ணாக இராது.

சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால் அது தன்னைத்தானே சுற்றுவதில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நாற்காலி போதும். நாற்காலியையே பார்த்தபடி ஒரு குழந்தை அதைச் சுற்றிவரட்டும்; சுற்றி முடிப்பதற்குள் அறையின் நான்கு சுவர்களையும் அதன் முகம் ஒரு முறை எதிர்கொண்டுவிடும்.

சந்திரனின் பள்ளங்களைக் காட்டும் சோதனையை மட்டும் ஓர் எச்சரிக்கையோடு சொல்லவேண்டும். தட்டில் நாலு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் வெள்ளைக் கோலமாவை மெல்லியதாகத் தூவி, கோலிக்குண்டுகளைப் பல உயரங்களிலிருந்து விடும்போது, குழிகளும், விளிம்பு மேடுகளும், நாற்புறமும் தெறித்த கதிர்களும் உண்டாவது மிக அழகிய காட்சி. பௌர்ணமியன்று சிறு பைனாகுலர் வழியே டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து புறப்படும் கதிர்களைக் கண்டவர்கள் ஒற்றுமையை உடனே உணர்வார்கள். ஆயினும் கோலியைச் சாய்த்து எறிந்தால் குழி நீண்டு போகிறது. சந்திரனில் விண்கற்கள் சாய்ந்து விழுந்த இடங்களிலும் பள்ளங்கள் பெரும்பாலும் வட்டமாகவே உள்ளன. விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும் கல், குழி தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்பு எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதால் பள்ளம் வட்டமாகிறது. மாதிரி எங்கே மெய்யைக் காட்டுகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஆசிரியரே முன்வந்து சொல்லவேண்டும். அதனால் மாதிரியின் மதிப்புக் குறைவதில்லை. விஞ்ஞானிகளும் தங்கள் மாதிரிகளை இவ்வாறுதான் நடத்துகிறார்கள்.

அவர்களும் தட்டில் மண் பரப்பியவர்களே என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் அறியவேண்டும். சந்திரனின் ஒளிமிக்க மேட்டுநிலங்கள் அனார்தோசைட் என்ற வெண்பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதை எடுத்துப் பொடித்து, சந்திரனின் மண்ணைப் போலச் செய்து பரப்பிய களத்தில்தான் சந்திரயான்–2இன் இறங்குகலமும் உலாவியும் சோதிக்கப்பட்டன. 2008 அக்டோபர் 22இல் புறப்பட்ட சந்திரயான்–1இன் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, இரண்டாவதற்கு மு. வனிதா, 2023 ஆகஸ்ட் 23இல் தென்துருவத்தை ஒட்டி விக்ரம் கலத்தை மெல்ல இறக்கிய மூன்றாவதற்கு விழுப்புரத்து ப. வீரமுத்துவேல். இப்பெயர்களைப் பெருமைக்காக மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். சித்தம்பூண்டிக் கல்லைப் பொடித்துப் பரப்பியது போன்ற வேலையையே நீங்களும் தட்டில் செய்தீர்கள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டால், பெருமை பாடமாகிவிடும்.

கடைசியாக, தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரித்தான ஒரு சோதனை இருக்கிறது. ஊரிலுள்ள பிள்ளைகளால் தனியாக அதைச் செய்ய இயலாது. ஜந்தர் மந்தரில் மகாராஜா ஜெய்சிங் 1724இல் கட்டிய சாம்ராட் யந்திரத்தின் சாய்சுவர், தில்லியின் அட்சரேகைக்குச் சமமாக 28 பாகை 37 கலை சாய்ந்திருப்பதை முதலில் போய்ப் பார்த்து வரட்டும். பிறகு ஒரு கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நூலில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, விளிம்பின் வழியே சந்திரனை நோக்கினால், அடிவானத்திலிருந்து அதன் உயரத்தைப் பாகைக் கணக்கில் படித்துக்கொள்ளலாம். விழுப்புரத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ இருக்கிற அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் போனில் சொல்லி, இருவரும் ஒரே இரவில், சந்திரன் அன்றைய பாதையில் மிக உயரத்தை எட்டும் வேளையில், தனித்தனியே அளக்கவேண்டும். வைகாசி, ஆனி மாதத்துப் பௌர்ணமி இதற்கு உகந்தது. அப்போது சந்திரன் இரண்டு ஊர்களிலும் தெற்கு வானத்திலேயே நிற்கும். அங்கே அது தில்லியில் உள்ளதைவிட ஏறத்தாழ 16, 17 பாகை உயர்ந்து தெரியும். பூமி தட்டையாக இருந்தால், இவ்வளவு தொலைவிலுள்ள சந்திரனை நோக்கி இந்த வேறுபாடு தோன்றவே தோன்றாது. தில்லிக்கும் விழுப்புரத்துக்கும் வடக்குத் தெற்காக நேர்க்கோட்டில் சுமார் 1,850 கிலோமீட்டர். அதை அவர்கள் கண்ட வேறுபாட்டால் வகுத்து 360ஆல் பெருக்கினால், எரடாஸ்தனிஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் சூரியனின் நிழலைக்கொண்டு கண்ட பூமியின் சுற்றளவு, நூலும் கல்லும் கொண்டு அளந்த இரண்டு குழந்தைகளுக்கு 40,000 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைக்கும்.

நரேலாவிலும் லோதி எஸ்டேட்டிலும் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: வருகிற வைகாசிப் பௌர்ணமிக்கு முன்பே ஊரிலுள்ள ஒரு பள்ளியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் மேகம் மறைத்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் அளக்கலாம் என்று இரு பள்ளிகளும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.